காத்திருந்து பேசும் விளையாட்டு

போன வாரம் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு சண்டை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள், நடுவில் ஒரு தட்டு செட் தோசை, இருவர் முகத்திலும் கோபம்.

விஷயம் இதுதான்... 'ஜே.ஆர்.பி.ஜி.' வகை வீடியோ கேம் என்றால் என்ன?

"ஜப்பான்ல செஞ்சா ஜே.ஆர்.பி.ஜி. அவ்ளோதான் மச்சி" என்கிறான் ஒருவன்.

"அப்போ அங்க செஞ்சதெல்லாம் அதுவா? ஓடி ஓடி வெட்டுற கேமும் அங்கதான் செய்யறான். இதுக்கு டர்ன் வேணும்டா. நீ ஒரு அடி, அவன் ஒரு அடி. கூட நாலு பேர் பார்ட்டி வேணும். பெரிய கதை வேணும். கொஞ்சம் கொஞ்சமா லெவல் ஏறணும்!"

என்னைப் பார்த்ததும் ஒருவன் குரலைத் தணித்தான். "சாரி மேடம். இது ஒரு வீடியோ கேம் மேட்டர். உங்களுக்கு போர் அடிக்கும்."

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், அதிலும் புடவையில் இருந்தால், வீடியோ கேம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். சரி, நானும் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னேன். "நாம யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எதிரி அடிக்காம நிப்பான். அந்த கேம்தானே?"

இருவரும் தோசையை மறந்துவிட்டார்கள். "மேடம்... நீங்க ஆடுவீங்களா?"

"என் கொழுந்தன் ஆடுவான்" என்றேன்.  கேன்டீனில் வைத்துச் சொல்கிற கதையா அது? உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி பெங்களூர் தொம்மலூருக்கு வந்தேன். பழைய ஊர்ப்பகுதியில் இரண்டு அறை ஓட்டு வீடு. மாமனாருக்கு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. நான் 'மாமா' என்று கூப்பிடுவேன். கனத்த குரல் அவருக்கு. தெருமுனையில் யாரிடமாவது கன்னடத்தில் வம்பளந்தால், அடுப்படியில் எனக்குக் கேட்கும். பிறகு நான் 'அத்தை' என்று கூப்பிடும் மாமியார், என் கணவர் சேகர், அவருடைய தம்பி தயாளன்.

தயாவுக்குக் காது கேட்காது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோயிற்று. பேச்சும் வரவில்லை. காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நன்றாகப் படித்தான். ஆனால் அங்கே எழுதப் படிக்கக் கற்றுத் தந்தது இங்கிலீஷில். மாமா படித்ததோ தமிழில், ஐந்தாம் வகுப்பு வரை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா பேசினால் மகனுக்குக் கேட்காது. அப்பா எழுதினால் மகனால் படிக்க முடியாது. மகன் எழுதினால் அப்பாவுக்குப் புரியாது. மகன் பள்ளியில் கற்ற சைகை மொழியோ, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே கூரையின் கீழ், இருபத்துச் சொச்சம் வருஷம்!

வீட்டுக்கென்று சில சைகைகள் இருந்தன. வாயருகே விரல்களைக் குவித்தால் சாப்பாடு. மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அம்மா. அவனுக்கு எல்லோரும் அதிகம் காட்டிய சைகை ஒன்று உண்டு. புறங்கையைக் காற்றில் தள்ளிவிடுவது. 'அப்புறம் சொல்றேன்' என்று அர்த்தம். டிவியில் ஏன் சிரிக்கிறீர்கள்? அப்புறம். தெருவில் என்ன கூட்டம்? அப்புறம். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

தயாவும் பீன்யாவில்தான், ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சம்பளத்தில் சேர்த்து வைத்து, டிவியோடு இணைக்கும் பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கினான். சிடி வாங்க நானும் சேகரும் கூடப் போனோம். சிவாஜிநகர் சந்தில் ஒரு சின்னக் கடை. அவன் எடுத்த சிடியைப் பார்த்ததும் கடைக்காரர் சேகரிடம் சொன்னார்:

"இது வேணாம் பாய். சும்னே பேசிக்கினே இருப்பானுங்கோ. படிச்சுப் படிச்சு தலைவலி வந்துடும். ஃபைட்டிங் கேம் எடுத்துக்கோ."

தயா அந்தச் சிடியை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கட்டை விரல் உயரத்துக்கு உருவங்கள். நாலு பேர் வரிசையாக ஊர் ஊராக நடக்கிறார்கள். ஏதோ ஒரு ஊரில், கிணற்றடியில் நிற்கும் ஒரு பெண் முன்னால் போய் நின்று பட்டனை அழுத்தினால் போதும்... கீழே ஒரு கட்டம் விரியும். அவள் சொல்வது அதில் எழுத்தாக ஓடும். படித்து முடித்து மறுபடி பட்டனை அழுத்தும்வரை அவள் அப்படியே நிற்பாள். சண்டையிலும் அதே மரியாதைதான். நம் ஆட்கள் ஒரு பக்கம், அரக்கர்கள் எதிர்ப்பக்கம். யார் என்ன செய்வது என்று தயா தீர்மானிக்கும்வரை எதிரி வெறுமனே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் பேப்பர் ஓரத்தில் இங்கிலீஷில் எழுதிக் கேட்டேன், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று. தயா கீழே எழுதினான்: 'இங்கே யாரும் எனக்கு அப்புறம் சொல்வதில்லை.'

 

அடுத்த வருஷம் மாமாவின் குரல் கம்மியது. பீடியால் வந்த கரகரப்பு என்று ஆரம்பத்தில் எல்லோரும் அலட்சியமாக இருந்தோம். பிறகு பெரிய ஆஸ்பத்திரி, பிறகு புற்றுநோய் என்ற வார்த்தை. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கப்புறம் பேச முடியாது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தயாவுக்கு?

"அவனுக்கு எப்டிமா சொல்றது? பயந்துடுவான்" என்றார் அத்தை.

நான் எழுதிக் காட்டுகிறேன் என்றேன். மாமா தடுத்துவிட்டார்.

"வேணாம்மா. எம்புள்ளைக்கு நான்தான் சொல்லணும். நானே சொல்லிக்கிறேன்."

அந்த வாரம் முழுக்க, தயா வேலையிலிருந்து வந்ததும் மாமா எழுந்து அவன் முன்னால் போய் நிற்பார். கழுத்தைத் தொடுவார். கை அதற்கு மேல் போகாது. அந்த நோய்க்கு எங்கள் வீட்டில் சைகையே கிடையாதே! கடைசியில் விரல்களைக் குவித்து 'சாப்ட்டியா' என்று காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஆபரேஷனுக்கு மறுநாள் சாயங்காலம் தயாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அப்பாவுக்குத் தொண்டைவலி என்று நினைத்துக்கொண்டு வந்தவன் அவன். கட்டிலில் கிடந்த மாமாவையும், கழுத்துத் துளையையும், அதில் குழாய் ஏறி இறங்குவதையும் பார்த்தான். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. எல்லோருக்கும் முன்னமே தெரியும் என்று அந்த நிமிஷம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் அழவில்லை. திரும்பி நடந்து போய்விட்டான்.

மாமா வீடு திரும்பிய பிறகும் தயா அவர் பக்கம் திரும்பவில்லை. வேலைக்குப் போவான், வருவான், டிவி முன்னால் எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து ஆடுவான். நாம் கோபித்துக்கொண்டால் பேச்சை நிறுத்துவோம். காது என்னவோ திறந்துதான் இருக்கும். தயா கண்ணை எடுத்துவிட்டால் எல்லாமே மூடிவிடும். மாமாவால் இப்போது உரக்கக் கூப்பிடவும் முடியாது. கூப்பிட்டாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

மாமாவுக்கு ஒரு சிலேட் வாங்கிக் கொடுத்தோம். அத்தைக்குப் படிக்க வராது. மாமா தமிழில் எழுதுவார், நான் படித்துச் சொல்வேன். இரண்டு வாரத்தில் அவருக்கே பேஜாராகிவிட்டது. சிலேட்டை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். பாய் ஒன்றை இழுத்துப் போட்டு, தயாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இடையில் ஒரு கை தூரம். அவர் கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு அசையும். கண் டிவியில். சாயங்காலம்தோறும் இதுதான்.

தயா திரும்பவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அந்த விளையாட்டில் நம் ஆள் அடிபட்டுத் தளர்ந்துவிட்டால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் குனிந்துவிடுவான். ஒருநாள் தயா வேறு எதையோ யோசித்தபடி ஆடிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா மெதுவாக எழுந்து டிவியருகே போனார். முழங்காலிட்டிருந்த அந்தச் சின்ன உருவத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோய் அண்ணாந்து காட்டினார். எங்கள் வீட்டில் அது மாத்திரைக்கான சைகை.

தயா விரலைப் பார்த்தான். அந்த விரலைத் தொடர்ந்து, முதல் தடவையாக, அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

பிறகு மருந்துப் பையைத் திறந்து அந்த ஆளுக்குக் கொடுத்தான். உருவம் எழுந்து நின்றது. மாமா கட்டை விரலை உயர்த்தினார். தயாவின் தோள் குலுங்கியது. அன்றைக்குத்தான் அழுதான். மாமா அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டை அப்படியே நின்றது, இவன் அழுது முடிக்கட்டும் என்பது போல.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்ல? இரண்டு ஆண்கள், ஒரு சத்தமும் இல்லாமல், ஓயாமல் பேசினார்கள். கட்டத்தில் வரும் எழுத்தைத் தயா சைகையில் சொல்வான்; இல்லாத சைகையை இருவரும் அங்கேயே உண்டாக்கிக்கொள்வார்கள். மாமா விடாமல் கேள்வி கேட்பார். இவள் ஏன் ஊரை விட்டு வந்தாள்? அந்த ராஜா நல்லவனா? சண்டையை விட்டு, ஊர்க்கதைக்கும் பட்டறைக் கதைக்கும் போய்விடுவார்கள். லேத்தில் தன் விரல் நுனி போன கதையை மாமா அவனுக்கு அப்போதுதான் சொன்னார். தயா தன் கம்பெனி சூப்பர்வைசர் நடப்பது போல நடந்து காட்டுவான். மாமா சிரித்தால் கழுத்துத் துணி படபடவென்று அடிக்கும்.

மழைக்காலம் முடியும் சமயம், மாமாவின் கழுத்தில் இன்னொரு பக்கம் கட்டி தெரிந்தது. இந்தத் தடவை அவர் முதலில் சொன்னது தயாவிடம். அத்தையிடம்கூட இல்லை. அவன் கையைப் பிடித்து, விரல்களை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அவ்வளவுதான். தயாதான் எனக்கு எழுதிக் காட்டினான்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். விளையாட்டில் நாலாவது ஆளாக ஒரு படகுக்காரக் கிழவர் இருந்தார். பெரிய மீசை, கையில் துடுப்பு. மாமாவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அன்று கதையில் வெள்ளம் வந்தது. மற்ற மூவரைக் கரையேற்றிவிட்டுக் கிழவர் செத்துப்போனார்.

மாமா பரபரப்பாக மாத்திரை சைகை காட்டினார். தயா முடியாது என்று தலையசைத்தான். மாமா விடவில்லை. போன வாரம்கூடச் செத்து விழுந்தவரை மருந்து கொடுத்து எழுப்பினோமே? தயா பையைத் திறந்து காட்டினான். மருந்து நிறைய இருந்தது. கொடுப்பதற்குத்தான் பட்டியலில் கிழவரின் பெயர் இல்லை. பிறகு நிதானமாகக் கையால் சொன்னான்... சண்டையில் விழுந்தால் எழுப்பலாம். இது கதை. கதைக்கு அவர்களிடம் ஒரு சைகை இருந்தது, இரண்டு உள்ளங்கையும் புத்தகம் போல விரிவது. கதையில் போனால் போனதுதான்.

 மாமா தன் மீசையை முறுக்கினார். இரண்டு உள்ளங்கையையும் மெல்ல விரித்துப் புருவத்தை உயர்த்தினார்.

அப்பா... கதையா?

 இந்தக் கேள்விக்கு நாமாக இருந்தால் என்ன செய்வோம்? சும்மா இருங்க, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது என்போம். தயா கண்ணை எடுக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

மாமா அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். டிவியைக் காட்டி, ஆடு என்றார்.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

வாணியம்பாடியிலிருந்தும் கோலாரிலிருந்தும் சொந்தங்கள் வந்திருந்தார்கள். கூடம் நிறையப் பெண்கள். மாமாவின் தங்கை தலையில் அடித்துக்கொண்டு அரற்றினார். "அப்டி கணீர்னு பேசற எங்கண்ணன், கடைசில ஒரு வார்த்தை பேசாம போய்ட்டியே... யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம போய்ட்டியே..." அத்தையும் அதையே சொல்லி அழுதார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த தயா எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டான். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். வாசித்தான். தப்பாக எழுதிவிட்டேனோ என்பது போல என்னைப் பார்த்தான். பிறகு அதே தாளில் எழுதினான்.

"இன்னாமா எழுதறான்?" என்றார் அத்தை.

தமிழில் படித்துக் காட்டினேன்: "பேசலையா? என்கிட்ட தினமும் பேசினாரே."

அழுகைச் சத்தம் மெல்ல அடங்கியது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"இன்னா பேசினாராம்? கேளும்மா."

"நீங்களே கேளுங்க அத்தை" என்றேன்.

அத்தை தரையில் தவழ்ந்தபடியே போய் மகன் எதிரில் உட்கார்ந்தார். கையைத் தூக்கினார். மீசையை முறுக்குவது போல் காட்டினார். அதற்கு மேல் தெரியவில்லை; கை அந்தரத்தில் நின்றது. தயா அந்தக் கைகளைப் பிடித்தான். ஒவ்வொரு விரலாக மடக்கி, எப்படிக் கேட்பது என்று காட்டினான். அத்தை அதைத் திருப்பிச் செய்தார்.

சாப்ட்டியா என்பதைத் தவிர, அத்தை தன் மகனிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.