படிக்கட்டில் செத்தவர்

என் அக்கா கணவர் சினிமாவில் அடி வாங்குகிறவர். அந்தத் தாதா படத்தின் முதல் பாகத்தில், தாதா உதைத்ததும் பதினெட்டுப் படி உருண்டு வந்து சாவாரே, அவர்தான். மெத்தை கிடையாது, கயிறு கிடையாது, ஒரே டேக். அன்று போன இடது முழங்கால் போனதுதான். கீழே விழுந்தபின் அரை நொடி அவர் முகம் தெரியும். தியேட்டரில் அந்த அரை நொடி அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருஷம் கழித்து இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை முகமும் உண்டு, ஒரு வசனமும் உண்டு: "அண்ணன் வந்தாச்சு." பல் தேய்க்கும்போதுகூட மாமா வாயில் அண்ணன் வந்துகொண்டே இருந்தார்.

படப்பிடிப்பில் உதவி இயக்குநர் பழைய படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறான்.

"அண்ணே, நீங்க போன பாகத்துலயே செத்துட்டீங்களே!"

"ஆமா தம்பி" என்று இவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முகத்தில் கறுப்புத் துணி கட்டினார்கள். வசனம் பக்கத்தில் நின்றவனுக்குப் போனது. அக்காவிடம் சொல்ல வாய் வராமல் என்னிடம் மட்டும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு வரி.

படம் வெளியானதும் மதியக் காட்சிக்கு மூவரும் போனோம். முதல் பாகத்தில் ஒருத்தன் விழுந்தால் நமக்கு வலிக்கும். இதில் நாற்பது பேர் கயிற்றில் பறந்தார்கள், எனக்குக் கொட்டாவிதான் வந்தது. தாதாவுக்கே அலுத்துவிட்டது போலிருந்தது. அக்கா மட்டும் முன்னால் சாய்ந்து ஒவ்வொரு முகமாகத் தேடினாள். மாமா தலையைத் தூக்கவில்லை.

முகத்தில் துணி கட்டிய கும்பல் வந்தது. எவனோ "அண்ணன் வந்தாச்சு" என்றான். போச்சு என்று நினைத்தேன்.

"ஏங்க, அதோ கடைசியில போறது நீங்கதானே?"

மாமா நிமிர்ந்தார். "துணி கட்டியிருக்கே, எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தக் காலுக்குப் பதினாறு வருஷமா தைலம் தேய்க்கிறவ நான்தானே?"

"வசனத்தைப் பிடுங்கிட்டாங்க" என்றார் மாமா.

"அது கிடக்கட்டும். இதுல எங்கேயாவது விழுறீங்களா?"

"இல்ல. சும்மா நடக்கிறதோட சரி."

"அது போதும்" என்று அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அதன்பின் ஒரு தடவைகூட அவள் கண்ணை மூடவில்லை.