பொட்டு வைத்த ஸ்டாண்டுகள்

ஆயுத பூஜையன்று ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டு வாசலில், காரின் முன்பக்கத்தை ஒரே ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் படுத்து, சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அப்சார்பரைக் கழற்றிக்கொண்டிருந்தான் என் தம்பி. காரைத் தாங்க வேண்டிய இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளும் குங்குமப் பொட்டோடு சாமி படத்தின் முன்னால் இருந்தன.

“பூஜையில வச்ச சாமான இன்னிக்கு எடுக்கக்கூடாதுக்கா,” என்றான். ஜாக்கியும் ஸ்பேனரும் பக்கத்து வீட்டு இரவல். ஜாக்கியில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மொதல்ல வெளிய வாடா,” என்று கத்தினேன். அவன் வெளியே வந்ததும் ஸ்டாண்டுகளைத் தூக்கிவந்து இரண்டு பக்கமும் நானே வைத்து, காரை அவற்றின் மேல் இறக்கினேன்.

“குங்குமம் அழிஞ்சிருச்சு பாரு,” என்று முனகினான்.

“அழியட்டும். உன் படத்துக்குப் பொட்டு வைக்க என்னால முடியாது.”