பைறோசா என்ற பேரை நான் நிறுத்திவைத்த கதை

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் மருதமுனையிலிருந்து கல்முனை வரைக்கும் கரையேறிக் கிடக்கும் மீன்பிடிப் போட்டுகளைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கிற எழுத்தெல்லாம் என்னுடையது. கோணலாக இருப்பவை மற்ற ஆட்கள் எழுதியவை. பைபரில் போட் அடித்துக் கட்டவும் யாரும் சொல்லித் தராமல் நானேதான் பழகினேன்.

பேர் எழுதுகிற வேலைதான் எனக்கு மிகவும் விருப்பம். வெள்ளை பெயின்ட் காயும் காலைகளில் போட்டும் கடலும் வானமும் ஒரே நிறமாகிவிடும். பேர் விழும்வரைக்கும் அந்தப் போட் இன்னும் இந்த உலகத்துக்கு வந்து சேரவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். கடல் எடுத்துக்கொண்ட போட்டின் பேரை மறுபடி எவருக்கும் எழுதமாட்டேன். என்னைப் பார்த்து ஊரும் அந்தப் பேரை வாயில் எடுக்காது.

ஒரு நாள் வானிலைக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி ஐயா மீனவர் சங்கத்துக்கு வந்து புயலைப் பற்றிப் பேசினார். நான்தான் முதலில் எழும்பிக் கேட்டேன்.

“சேர், புயலுக்குப் பேர் வைக்கிற ஆரு?”

“இந்தக் கடலையும் அரபுக் கடலையும் சுத்தியிருக்கிற பதின்மூன்று நாடுகள், ஹாஜியார். நம்மட நாடும் அதில ஒண்டு. ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே பேர் குடுத்து வரிசையா எழுதி வெச்சிரிக்கி. புயல் வந்தா, அடுத்து நிக்கிற பேர் அதுக்கு. இங்க ஒருக்கா வெச்ச பேர் திரும்ப வராது.”

“பாத்தீங்களா! இத நான் முப்பது வருசமாச் செய்யிறன்!” என்றேன். சங்கமே சிரித்தது.

அதற்குப்பின் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. நடுக்கடலில், இன்னும் பிறக்காத புயல்கள் தங்கள் பேருக்காக வரிசையில் நிற்பது கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை பைறோசா என் பட்டறைக்கு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புயலில் அவளுடைய புருசன் சாபுதீனும் அவனுடைய போட்டும் திரும்பவில்லை. மனைவியின் பேரைத்தான் அந்தப் போட்டுக்கு வைத்திருந்தான். பச்சை பெயின்டில் எழுதியவன் நான். இப்போது அவளுடைய தம்பிக்குப் புதுப் போட் அடித்து முடித்திருந்தேன்.

“காக்கா, பைறோசா எண்டே எழுதுங்க,” என்றாள், அண்ணனிடம் கேட்கிற உரிமையோடு.

“ஏலா புள்ள. அது கடல் எடுத்த பேர். புயலுக்கே ஒரு பேர ஒருக்காத்தான் வெக்கிறாங்க. கந்தோர் ஐயா சொன்னாரே.”

“நானும் பின்னால இரிந்து கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தன். நீங்க பாதியோட கனவு காணப் போயிட்டீங்க. அமெரிக்காப் பக்கம் அதே பேருகள் ஆறு வருசத்துக்கு ஒருக்காச் சுத்தி வருமாம். பெரிய அழிவு செஞ்ச பேர மட்டும் எடுப்பாங்களாம். அதுவும் அடி வாங்கின நாடு கேட்டாத்தானாம். இஞ்ச அடி வாங்கின ஆரு காக்கா? நான் கேட்டனா?”

நான் தூரிகையைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

“நீங்க நிப்பாட்டினதோட ஊரும் நிப்பாட்டிட்டுது. கடல்ல மௌத்தான சாபுதீன்ட பொஞ்சாதி எண்டுதான் கூப்பிடுறாங்க. முந்தி அவர் போட்ல வரக்குள்ள, பைறோசா வருது எண்டு கரை முழுக்கக் கத்தும். என்ட பேர நான் கேட்டு மூணு வருசம்.”

இவ்வளவு காலமும் என் சட்டம் ஆட்களின் துக்கத்துக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். துக்கப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. தொழிலில் நான் ஒத்துக்கொண்ட ஒரே பிழை இதுதான். உங்களுக்கும் ஒரு பேரை நிறுத்தும் எண்ணம் வந்தால், முதலில் அது யாருடைய பேர் என்று போய்க் கேளுங்கள்.

அன்றைக்கே அதே பச்சையில் எழுதிக் கொடுத்தேன். அதைவிட நேரான எழுத்து என் கையிலிருந்து வந்ததில்லை.

போட் முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பிய காலையில் நானும் கரைக்குப் போனேன். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் பச்சை எழுத்துத்தான் மிதந்து வந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்துக் கத்தினான்.

“பைறோசா வருது!”

தம்பிக்காகக் காத்து எனக்குப் பக்கத்தில் நின்றவள், யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல, மெல்ல “ஓம்” என்றாள்.