எங்கள் வீட்டுப் பாதைக்குக் கிராவல் போட்ட கதை

என் வீட்டுக்காரர் ரெத்தினத்தை ஊரில் யாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்கு ஒரு பொருளை விற்பதற்குள் விற்கிறவர் களைத்துப் போவார். என்னைப் பெண் பார்க்க முறையாக வந்துவிட்டுப் போனவர், மறுவாரம் விடிந்தும் விடியாமலும் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வந்து நின்றார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். எங்கள் கொல்லையில் கட்டியிருந்த இரண்டு மாடும் எங்களுடையவைதானா, அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கிக் கட்டியவையா என்று பார்க்க வந்திருக்கிறார்.

சிக்கல் முருகன் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் நான் கண்ணை மூடிக் கும்பிடுவேன். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, குருக்கள் தன் நட்சத்திரத்தைச் சரியாகச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும், "திருவாதிரைன்னாரா, திருவோணம்னாரா?" என்பார்.

"முருகனுக்குத் தெரியாதா உங்க நட்சத்திரம்?"

"முருகனுக்குத் தெரியும். குருக்களுக்குத் தெரியணும்ல."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய அப்பா கூலிக்கு உழுதவர். படிக்கத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்; அதோடு குடியிருந்த மனை போனது. அப்போது இவருக்கு ஒன்பது வயது. சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்ததை இன்னும் சொல்வார். வெங்கடசுப்ரமணியன் ஐயர் பெங்களூரில் மகனோடு போய் இருந்துவிடப் போகிறேன் என்று தன் நிலத்தை எங்களுக்கு விற்று எழுதிக் கொடுத்தபோது, இவர் ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் தடவை ஐயரே சிரித்துவிட்டார்.

அந்த நிலத்தின் கோடியில்தான் வீடு கட்டினோம். கீழ்வேளூர் போகிற தார் ரோட்டிலிருந்து கால் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வரவேண்டும். பாதை என்பது அகலப்படுத்திய வரப்புதான். ஒரு டிராக்டர் போகலாம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

எட்டு வருஷம் அப்படியே ஓட்டினோம். போன ஆவணியில் என் மகள் இசைவாணிக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம் தாய்வீட்டில் இருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. மருமகன் அறிவுச்செல்வன் திருவாரூரில் வாத்தியார், மரியாதையான பிள்ளை. போனில் சொன்னார்: "அத்தை, கார் வாசல் வரைக்கும் வந்தா அனுப்புறேன். அந்தச் சேத்துல அவ நடக்கக் கூடாது."

"பொண்ண அனுப்ப மனசில்ல. ரோட்டைச் சாக்கு சொல்றாரு" என்றார் இவர். ஆனாலும் மறுநாளே பாதைக்கு என்ன போடலாம் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

ஒருவர் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பூட்டுக்கல் பதிக்கச் சொன்னார். அறுப்பு மிஷின் அதன் மேல் ஒரு தடவை திரும்பினால் கல்லெல்லாம் பெயர்ந்துவிடும் என்று இவருக்குத் தெரியும். சொன்னவரின் மைத்துனன் கல் வியாபாரம் செய்வதையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். சிமெண்ட் போட்டால் நம் களிமண் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி அதைப் பிளந்துவிடும். கடைசியில், அடியில் உடைத்த கப்பிக் கல், மேலே செம்மண் கிராவல் என்று இவர் மனதுக்குள் முடிவாகும் நேரத்தில் சிங்காரவேலு அண்ணன் வந்தார். பாதைக்குத் தெற்கே இருக்கும் வயல் அவருடையது.

"சிமெண்ட்டே போட்டுடு ரெத்தினம். என் பங்குக்கு நானும் பாதி தர்றேன்."

அவர் போனபிறகு இவர் டீயைக் குடிக்கவே இல்லை. ஆடை கட்டிவிட்டது.

"நம்ம பாதைக்கு அவரு எதுக்குப் பாதி தரணும்? சொல்லு பாப்போம்."

"நல்ல எண்ணமா இருக்கும்."

"நல்ல எண்ணம்! மொத வருஷம் நெல்லு காயப்போடுவாரு. சரி காயட்டும்பேன். அடுத்த வருஷம் உளுந்தப் பரப்பி டிராக்டரை ஓட்டுவாரு. அதுக்கு அடுத்த வருஷம், நான்தான பாதி போட்டேன், எனக்கும் பாத்தியதை உண்டுன்னு தாலுக்கா ஆபீஸ்ல போயி நிப்பாரு."

இரண்டு நாள் கழித்துக் காலையில் சிங்காரவேலு அண்ணன் கடப்பாரையோடு எங்கள் பாதை ஓரமாக நடந்தார். நாலடிக்கு ஒரு இடத்தில் குத்திப் பார்த்தார். இவர் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அளக்குறாரு."

அவர் அளக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பாதைக்கு அடியில், கோரை மண்டிய இடத்தில், பனைமரத்தைக் குடைந்து வைத்த பழைய தூம்பு ஒன்று இருக்கிறது. பெருமழையில் சிங்காரவேலு அண்ணன் வயல் தண்ணீர் அதன் வழியாகத்தான் பாதைக்கு வடக்கே இருக்கும் வடிகாலுக்கு வரும். ஆட்டுக்குப் புல் அறுக்க அந்தப் பக்கம் போகிறவள் நான் ஒருத்திதான். குளிர்ந்த தண்ணீர் குபுகுபுவென்று வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் இவர் என்ன செய்வார்? யார் வைத்தது, எப்போது வைத்தது, பத்திரத்தில் ஏன் இல்லை என்று ஒரு மாதம் விசாரிப்பார். அதற்குள் மழை வந்துவிடும். மகள் வரமாட்டாள். முருகனிடம் சொல்லிவிட்டு இவரிடம் சொல்லாமல் இருந்தேன்.

புரட்டாசியில் சிங்காரவேலு அண்ணன் முத்துப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். வர மூன்று நாளாகும் என்று தெரிந்ததும் இவர் லாரிக்காரர் ராஜராஜனை வரச்சொன்னார். கப்பி முதல் நாளே இறங்கியது. கிராவல் லாரி வந்ததும் இவர் மண்வெட்டியோடு லாரி மேல் ஏறி, தோள் அளவுக்குத் தோண்டி அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார்.

"அண்ணே, மண்ணுதான் கொண்டாந்திருக்கேன், மருந்தா கொண்டாந்திருக்கேன்?" என்றார் ராஜராஜன்.

"மேல செவப்பா இருக்கும். அடியில நம்மூரு களியத் தள்ளி வச்சிருப்பீங்க. குலுக்குனா கலங்கித் தெரிஞ்சிடும்."

"ஏழு லோடும் இப்படித்தான் குலுக்குவீங்களா?"

"ஒம்போது லோடுன்னாலும் குலுக்குவேன்."

ஏழையும் குலுக்கினார். ஒரு லோடைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் ரோடு உருளை ஓடி முடிந்தபோது பாதை செக்கச்செவேலென்று கோயில் பிரகாரம் மாதிரி இருந்தது. கோரை இருந்த இடத்தின் மேல் உருளை போனபோது நான் அடுப்படியில் இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன்.

ஊரிலிருந்து திரும்பிய சிங்காரவேலு அண்ணன் பாதையில் வெகுநேரம் நின்றார். "நல்லா போட்டிருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு அன்று முழுவதும் நிம்மதி இல்லை. "ஏன் சண்டை போடல? சண்டை போடாம போறாருன்னா உள்ள ஏதோ இருக்கு."

ஐப்பசி பத்தாம் தேதி வளைகாப்பு முடிந்து இசைவாணி வந்தாள். கார் வாசல் வரை வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். இவர் காரைச் சுற்றிவந்து டயரில் எவ்வளவு மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்.

பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு மழை பிடித்தது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் பாதைக்குத் தெற்கே ஏரி மாதிரி தண்ணீர். வடக்கே வடிகாலில் கணுக்கால் அளவுதான். சிங்காரவேலு அண்ணன் நட்டு இருபது நாளான சம்பாப் பயிரின் நுனிகூட வெளியே தெரியவில்லை. அவர் மண்வெட்டியோடு எங்கள் பாதையில் நின்றார். ஆனால் வெட்டவில்லை. இவர் குடையில்லாமல் ஓடினார். பின்னால் நானும் போனேன்.

"பாதைய ஒரு எடத்துல வெட்டணும்ப்பா" என்றார் அண்ணன்.

"தெரியும்ணே. அதுக்குத்தான அன்னைக்கு அளந்தீங்க."

"எதை அளந்தேன்? தூம்பைத் தேடுனேன். உன் லாரி ஏறி அது நசுங்கிக் கெடக்கு."

"தூம்பா? பத்திரத்துல தூம்பு இல்லையே."

"தண்ணி என்ன, பத்திரத்தைப் படிச்சிட்டா ஓடுது?"

"அப்ப அன்னைக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அடைச்சிடுவ. எங்கிட்ட எழுத்து ஒண்ணும் இல்ல. சிமெண்ட் போட்டா மேஸ்திரி வருவாரு, அவருகிட்டச் சொல்லி ஒரு குழாயப் பொதைச்சுக்கலாம்னுதான் பாதி தர்றேன்னேன். நீ என் வயல முழுகடிச்சு விக்க வைக்கத்தான் ஒசத்திப் போட்டியோன்னு இப்ப தோணுது."

"யாரைப் பாத்துச் சொல்றீங்க? அங்க தூம்பு இருந்துச்சுங்கறதுக்கு யாரு சாட்சி?"

"நான் பாத்திருக்கேங்க" என்றேன்.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் ஊரையெல்லாம் பார்க்கிற அந்தப் பார்வையை இவர் என் மேல் வைத்ததில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வீடு கட்டினதுலேர்ந்து."

"கிராவல் கொட்டுன அன்னைக்கு?"

"அன்னைக்கும் தெரியும். சொன்னா வேலையை நிறுத்திடுவீங்க. பொண்ணு வராம போயிடுவாளேன்னுதான்..."

இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். வீட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். மகளுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். எந்த நேரத்திலும் வலி வரலாம். வெட்டினால் கார் வராது. வெட்டாவிட்டால் இன்னும் ஒரு நாளில் அந்தப் பயிர் அழுகிவிடும்.

இசைவாணி வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நாங்கள் திரும்பி வந்தபோது பையை எடுத்து வைத்திருந்தாள்.

"அவருக்குப் போன் போட்டுட்டேன்ப்பா. கார் வருது. நான் போனதும் வெட்டுங்க."

"இன்னும் பதினஞ்சு நாள்தான்டி" என்றேன்.

"அதுக்காகத்தாம்மா போறேன்."

பத்து மணிக்குக் கார் வந்தது. அத்தனை மழையிலும் பாதை ஒரு இடத்தில்கூட இளகவில்லை. அவள் வருவதற்காக ஆசையாகப் போட்ட பாதையில்தான் என் மகள் திரும்பிப் போனாள். கார் தார் ரோட்டில் ஏறும்வரை சிங்காரவேலு அண்ணனும் மழையில் நின்றார். பிறகு இவர் அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தானே வெட்டினார்.

மூன்றடி ஆழத்தில் தூம்பு கிடைத்தது. நசுங்கிய பனைத்துண்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறி, உட்பக்கம் எவ்வளவு இற்றிருக்கிறது என்று பார்த்தார்.

"பழசுதான்" என்றார்.

"பின்ன, ராத்திரி நான் வந்து பொதைச்சனா?" என்றார் அண்ணன். அதற்குள் தண்ணீர் இரண்டு பேர் காலையும் இழுத்துக்கொண்டு ஓடியது. சாயங்காலம் பயிர் நுனி தெரிந்தது.

பேத்தி திருவாரூரில் பிறந்தாள். சம்பந்தியம்மாள்தான் முதலில் கையில் வாங்கினார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். முருகன் தாயையும் பிள்ளையையும் நன்றாக வைத்தார். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

தை பிறந்ததும் வெட்டிய இடத்தில் சிமெண்ட் குழாய் வைத்து மூடினோம். குழாயை ஒரு முனையில் இவர் பிடித்தார், மறுமுனையில் அண்ணன் பிடித்தார். எந்தப் பக்கம் சாய்வு என்று இருவரும் தனித்தனியாக மட்டம் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது நான் புல்லுக்கட்டோடு வரும்போது இவர் வாசலில் நிற்கிறார். "என்ன பாத்த?" என்று கேட்கிறார். கேட்டதற்கும் சொல்கிறேன், கேட்காததற்கும் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.