நாலரை மணிக்குப் பிறகு பூச்சியம்

கணினிக்குள் ஒரு கழுத்தைச் செய்ய எனக்கு மூன்று வருடம் பிடித்தது. முழுக் கழுத்துகூட இல்லை. இரண்டு எலும்புகள், நடுவில் மெத்தை மாதிரி ஒரு டிஸ்க், அவ்வளவுதான். அந்த டிஸ்க்கைப் பல்லாயிரம் துண்டுகளாகப் பிரித்து, பாரம் ஏறும்போது ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நசுங்குகிறது, உள்ளே இருக்கும் உயிர்க்கலங்களுக்கு எவ்வளவு அழுத்தம் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு ஒரு தடவை ஓடி முடிய இரண்டு நாள். பாதியில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் எனக்கே கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

யாருடைய கழுத்து என்றால், அம்மாவுடையது. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறிக்கிறாள். முதுகில் தொங்கும் கூடை போய்ப் பை வந்துவிட்டது, ஆனாலும் அதன் கயிற்றை இன்னும் தலையில்தான் மாட்டுகிறார்கள். நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்ததைக் கேட்டுப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். எனக்கு அப்படியொன்றும் இல்லை. தராசைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைய வேறு யார் விடுவார்கள்?

ஒரு வாரம் மலையில் அம்மாவின் பின்னாலேயே ஏறி இறங்கினேன். அரை மணிக்கொரு தடவை பையைத் தூக்கி நிறுத்தேன். மற்றப் பெண்கள், "ஒன் மக கண்டாக்கையா வேலைக்குச் சேந்துட்டாளா?" என்று, மலையில் மேற்பார்வை பார்க்கும் ஐயாவோடு என்னைச் சேர்த்துக் கேலி செய்தார்கள். காலை, மத்தியானம், மாலை என்று மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். அதன்படி என் கணினிக் கழுத்திலும் பாரம் மூன்று தடவை ஏறி இறங்கியது. நாலரை மணிக்குக் கடைசி நிறுவை. அதற்குப் பிறகு பாரம் பூச்சியம் என்று போட்டேன்.

பாரம் ஏறினால் டிஸ்க்கிலிருந்து தண்ணீர் வெளியே போகும். பாரம் இறங்கிப் படுத்தால் மெல்லத் திரும்பி வரும். திரையில் என் வரைபடத்தின் கோடு அதை அழகாகக் காட்டியது. பகலெல்லாம் கீழே போன கோடு, விடியும்போது புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அதைப் பார்த்தபோது அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, களைப்பில்.

அந்தச் சமயத்தில்தான், நான் ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டாள்.

"பாப்பா, வலது கை வெரலெல்லாம் மரத்துப் போவுது. கொழுந்த ஒடிச்சா ஒடிச்சது தெரிய மாட்டேங்குது. வேலைய விட்டுறவா?"

நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மடிக்கணினியைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டினேன். "விடத் தேவையில்லம்மா. ராத்திரி படுத்தா எல்லாம் சரியாயிருது, பாருங்க. தைலம் தேய்ச்சுக்குங்க." ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒருநாள் லீவு எடுக்க வேண்டும் என்பதும் மனதில் ஓடியது. அதைச் சொல்லவில்லை.

"படிச்ச புள்ள நீ சொன்னா சரி," என்றாள் அம்மா. திங்கட்கிழமை மலைக்குப் போனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் போனாள்.

ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை அம்மாவின் கையிலிருந்து நழுவிக் காலில் கொட்டியது. கொட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, கழுத்தில் நரம்பு நெடுநாளாக நசுங்கிக் கிடக்கிறது என்றார். வேலை முடிந்த பிறகு தலையில் எதைச் சுமக்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பேச்சுக்கு அம்மாவிடமும் கேட்டேன்.

"ஒன்னுமில்லையே," என்றாள் அம்மா. பிறகு, "வெறகுதான்," என்றாள்.

விறகு. எங்கள் லயத்து வீடுகளில் யாரும் அதைச் சுமை என்று சொல்வதில்லை. மலையில் தூக்குவது வேலை, விறகு வீட்டு விஷயம். கவ்வாத்து மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளைக் கட்டி, பை தொங்கிய அதே தலையில் வைத்துக்கொண்டு நாலரைக்கு மேல்தான் பெண்கள் எல்லோரும் இறங்குவார்கள். அந்த ஒரு வாரமும் நான் தராசை என் பைக்குள் போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்திலேயே கதை பேசிக்கொண்டு வந்தேன். அவள் தலையில் கட்டு இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. வெளியூர்க்காரன் எவனாவது அளந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான்.

"எவ்வளவும்மா தூக்குவீங்க? தெனமுமா?"

"தெனமும் சின்னக் கட்டுத்தான். நீ வர்ற சனிக்கெழமதான் பெரிசு. ஒனக்குச் சுடுதண்ணி இல்லாம குளிக்க ஏலாதே."

அதை டாக்டருக்குச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விறகு என்று மட்டும் சொன்னேன். இனித் தலையில் எதையும் வைக்கக் கூடாது, விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அம்மா என்னைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்றாள்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் பூச்சியத்தை அழித்தேன். தினமும் நாலரைக்குப் பிறகு சின்னக் கட்டு ஒன்றை ஏற்றினேன். பெரிய கட்டுகளுக்குத் தேதி வேண்டியிருந்தது. அம்மாவிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் ஊருக்குப் போன பஸ் டிக்கட்டுகள் மேசை லாச்சியில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, தேதி பார்த்துப் பாரம் ஏற்றினேன்.