கிளட்ச் கால்

எழுபதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போவில் எலும்பு முறிவு மருத்துவனாக இருந்தபோது எனக்குப் பேச ஆளில்லை. சொன்னால் சிரிப்பார்கள். காலையிலிருந்து மாலை வரை என்னைச் சுற்றிக் கூட்டம்தான். ஆனால் எல்லாரும் கையையோ காலையோ காட்டித்தான் பேசினார்கள். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியார் மருத்துவமனைகளுக்குப் போனார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். அரசாங்க வேலையை விட எனக்கு மனம் வரவில்லை. கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்சினால் ஆகுமா? கல்யாணமும் நடக்கவில்லை. பெண் பார்க்கக் கிளம்பிய போதெல்லாம் யாராவது தொடையை முறித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் பின்னால் மாவுக்கட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போவேன். ஊரில் அதைச் சேவை என்றார்கள். சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் விடுமுறை நாளில் அரசாங்கம் கொடுத்த குவார்ட்டர்ஸில் தனியாக இருக்க எனக்குப் பயம் என்பதும் உண்மை. நானும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன்தான், என் அம்மா ரப்பர் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். அப்படி ஒரு வீட்டுத் தரையில் உட்கார்ந்து கோப்பி குடிக்க வேண்டும், யாராவது என்னைக் கிண்டல் செய்ய வேண்டும் என்று மனசு ஏங்கியது. நடக்கவில்லை. கார் சத்தம் கேட்டதுமே எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்துவிடும். துண்டால் துடைத்துப் போடுவார்கள். ஆரஞ்சு போத்தலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை சுற்றி நின்று பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த லோரி டிரைவர் எங்கள் வார்டுக்கு வந்தான். சித்தியவானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றுகிறவன். மழையில் லோரி கவிழ்ந்து இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. சுயநினைவு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, அது கிளட்ச் காலாயிற்றே, மிதிக்க முடியுமா என்பதுதான். கால் ஒரு அங்குலம் குட்டையானாலும் அவன் பிழைப்பு போய்விடும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைச் செலுத்தி, கட்டிலின் கால்மாட்டில் எடைக் கற்களைத் தொங்கவிட்டுக் காலை இழுத்து வைத்தேன். எலும்பு கூடும் வரை இப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும், மாதக்கணக்காகும் என்றேன். பக்கத்துத் தட்டில் இருந்த என் ஆயுதங்களை அவன் ஒரு பார்வை பார்த்தான். அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்களே, அந்தக் கதையாக இருந்துவிடப் போகிறது என்று முனகினான். தாதி பதறிப்போனாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து என்று எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு மாலை நேரங்களில் வேலை முடிந்ததும் அவன் கட்டிலுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. மாவுக்கட்டுப் பெட்டியின் அட்டையில் கட்டம் போட்டு, சோடா மூடிகளை வைத்து காய் வெட்டும் டாம் ஆட்டம் ஆடினோம். அவன் சளைக்காமல் ஏமாற்றுவான். பிடித்துவிட்டால், நோயாளியிடம் இரக்கம் வேண்டாமா என்பான். முதல் வாரம் டாக்டர் என்றவன் எப்போது அண்ணே என்று மாறினான் என்று நான் கவனிக்கவில்லை. என் சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதைச் சொன்னான். நான் தனியாகச் சாப்பிடுவது தெரிந்து, அவன் மனைவி வாரம் ஒருமுறை பஸ் ஏறிக் கொண்டுவரும் நெத்திலி சம்பலில் எனக்கும் ஒரு பங்கு வைத்தான். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே தலையைத் தூக்கி, "இம்புட்டுப் பேருக்கு எலும்பு ஒட்ட வைக்கிறீங்க, ஒங்களுக்குன்னு ஒரு ஆள் வேணாமாண்ணே?" என்றான். காயை நகர்த்தினேன். தோற்றும் போனேன்.

எலும்பு கூடியது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபோது கர்வமாக இருந்தது. அளந்து பார்த்தேன், கால் ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஊன்றுகோலுடன் அவன் வீட்டுக்குப் போன அன்று குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை.

மறு வருடம் அவன் மகளுக்குக் காது குத்தினார்கள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தான். புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். தோட்டத்துக் கோயிலை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தது. தரையில் பாய் விரித்து வாழையிலை வரிசை, ஆட்டுக்கறி வாசனை, ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் பந்தலின் மூலையில் ஒரு மேசை. தோட்டத்துக் கணக்கரான கிராணியார் வீட்டில் இரவல் வாங்கிய பீங்கான் தட்டு, கரண்டி, முள்கரண்டி, என்னை நோக்கித் திருப்பி வைத்த ஒரு மேசை விசிறி. அந்தக் காலத்துத் தோட்டங்களில் பெரியவர்களுக்குச் செய்யும் உச்சபட்ச மரியாதை அது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்ப் பந்தியின் கடைசியில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் எச்சில் கையோடு எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க, பாதிச் சோறு இலையில் கிடக்க, எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சாப்பாட்டின் நடுவே இலையை விட்டு எழுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்காக அதையும் செய்தார்கள். நான் எழுந்து மேசைக்குப் போனேன். அவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பும் திரும்பியது.

அவனே வந்து எனக்குப் பரிமாறினான். நடையில் நொண்டலே இல்லை. பரிமாறி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு மேசையருகில் நின்றான். எதிரில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டி, "ஒக்காருப்பா, சேந்து சாப்புடுவோம்" என்றேன்.

"இருக்கட்டும் டாக்டர் ஐயா. நீங்க போட்டுக் கொடுத்த கால்லா. இப்ப எம்புட்டு நேரம் நின்னாலும் வலிக்கிறதில்ல."

சொன்னபடியே நான் கை கழுவும் வரை நின்றான்.