அஞ்சாங்கட்டை எங்கிருந்து?

நாற்பத்தெட்டு வயதில் நகரப் புவியியல் படிக்கப் போனேன். இருபது வருடம் இடைநிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தும், நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கைத் தாண்டினால் எனக்கு வழி தெரியாது என்பது என் மனைவியின் நெடுநாள் கண்டுபிடிப்பு. மேல்பட்டம் வாங்கி அவள் வாயை அடைத்துவிடலாம் என்பதுதான் உண்மையான ஆய்வு நோக்கம். வெளியே சொன்ன நோக்கம், ஈப்போ நகரம் தெற்கே எப்படி வளர்கிறது என்று பார்ப்பது.

படிப்போடு பகுதிநேர வேலையும் அமைந்தது. நகரத் திட்டத்துக்கு வரைபடம் தயாரிக்கும் ஒரு கம்பெனி, சிம்பாங் பூலாய்ப் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் இன்னும் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதத் தமிழ் பேசும் ஆள் தேடியது. யாரும் இல்லாத நிலம் வீடமைப்புக்குப் போகும். ஆள் இருந்தால் முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது என் வேலை.

ஒரு தோட்டத்தில் பால்மரங்கள் போய்விட்டன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பதினொரு குடும்பங்கள்தான் மிச்சம். அதில் ஓர் அக்கா, முன்பு பால்வெட்டியவர், இப்போது ஈப்போவில் துப்புரவு வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு நாலு கடை தள்ளியிருக்கும் மாதா கோயிலுக்கு வருவார். போனில் பிடித்தேன்.

“மழைல ரோடு சேறா கெடக்கு தம்பி. உங்க மோட்டாரு சைக்கிளு எறங்குனா ஏறாது. நானே எல்லா வீட்லயும் கேட்டுக் கொண்டு வாரேன்லா.”

மறுப்பு சொல்வது மரியாதையாக இருக்காது என்று உடனே முடிவு செய்தேன். ஆக, என் களப்பணி கோயில் மண்டபத்து மின்விசிறிக்கு அடியில் தேநீரும் கறிபாப்புமாக நடந்தது. அக்கா ஒவ்வொரு வீடாகச் சொல்ல, நான் எழுதினேன்.

“லயம் எங்கக்கா இருக்கு?”

“ஈப்போ ரோட்டுல அஞ்சாங்கட்டை.”

மைல்கல்லைத்தான் எங்கள் ஆட்கள் கட்டை என்பார்கள். கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் பலகை நட்டு எவ்வளவோ காலமாகிறது. கட்டை மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. ஈப்போவிலிருந்து அஞ்சாங்கட்டை என்றால் தெற்கே கோப்பெங் ஊருக்குப் போகும் ரோட்டில் எந்த இடம் என்று எனக்குத் தெரியும். எழுதினேன். கீழே, ‘இடம் நேரில் பார்க்கப்பட்டது’ என்று ஒரு சிறு கட்டம். மூன்றாவது கறிபாப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் பதினொரு தாளிலும் சரி போட்டுக் கையெழுத்திட்டேன்.

சில மாதம் கழித்து அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, வீட்டுக்குப் பின்னால செவப்புப் பெயிண்டு அடிச்ச குச்சியா நட்டுட்டுப் போயிருக்கானுங்க. கேட்டா, இது தானா கொசோங், வெறும் நெலம், யாரும் இல்லங்கிறான். நீங்க எங்கள எழுதுனீங்கல்ல?”

“எழுதினேன்க்கா.”

கம்பெனிக் கணினியில் வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தேன். பதினொரு குடும்பமும் பதினொரு புள்ளியாக, பெரிய ரோட்டோரத்தில் ஒரு சோபாக் கடைக்குள் குடியிருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல அழைக்கும் அறிவிப்பையும் அந்தக் கடை வாசல் விளக்குக் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். அதற்கான கெடு முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக அந்த லயத்துக்குப் போனேன். அக்கா சொன்னது உண்மை. மோட்டார் இறங்கியது, ஏறவில்லை. தள்ளிக்கொண்டு போய் நின்றேன். ஒரு சிவப்புக் குச்சி அக்கா வீட்டுச் சமையல்கட்டுக் கால்வாயை ஒட்டி நின்றது. அதில் யாரோ துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டியிருந்தார்கள்.

“அஞ்சாங்கட்டைன்னு சொன்னீங்களேக்கா?”

“ஆமா. கோப்பெங்லேர்ந்து அஞ்சாங்கட்டை. பள்ளிக்கூடம், கிளினிக்கு, மார்க்கெட்டு எல்லாம் எங்களுக்கு அங்கதான?”

“ஈப்போ ரோடுன்னீங்க?”

“ஈப்போவுக்குப் போற ரோடுலா அது. பின்ன என்னா சொல்றது?”

“நாங்க கோப்பெங் ரோடும்போம்.”

“நீங்க அந்தப் பக்கத்துலல்ல இருக்கீங்க.”

நகரத்தின் மையத்தைப் பற்றி அந்தப் பருவத்தில்தான் இருபது பக்கக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ‘எங்கிருந்துக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் எல்லாக் கட்டையும் ஈப்போவிலிருந்தே கிளம்புவதாக நினைத்திருக்கிறேன்.

“அப்ப எங்கள கொசோங்குன்னு போட்டுட்டீங்களா? உள்ள ஒண்ணும் வைக்காத ரொட்டிக்குத்தான் கொசோங்கும்பாங்க. நாங்க என்னா ரொட்டியா தம்பி?” அக்கா சிரித்துவிட்டார். நானும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் சிரிக்கவில்லை.

“சாரு படிச்சவருலா. வந்து பாக்க வேணாம், அங்கேருந்தே தெரிஞ்சிரும்.”

மறுநாள் அக்கா லீவு போட்டார். இரண்டு பேரும் திட்ட அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா பொறுமையாகக் கேட்டார். கெடு முடிந்துவிட்டது, அதோடு பதிவில் இவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், பதிவு தப்பு என்று அதை எழுதிய ஆளே எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அந்த ஆளைத் தெரியுமா என்றும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஒரு தாள் வாங்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் குற்றவாளி மழை. அதைக் கிழித்தேன். இரண்டாவதில் மைல்கல். அதிலும் ஒரு பத்தி முழுக்க வரலாறு.

“என்னா தம்பி இவ்ளோ நேரம்? போகலன்னு எழுத ரெண்டு வரி போதாதா?”

இரண்டு வரி போதுமாகத்தான் இருந்தது. நான் அங்கே போகவில்லை. போனதாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மா படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் ஆட்சேபத்தையும் வாங்கி, மேலே ‘தாமதம்’ என்று முத்திரை குத்தினார். ஏற்பதா வேண்டாமா என்று கமிட்டி முடிவு செய்யும், பதில் தபாலில் வரும் என்றார். எந்த முகவரிக்கு? லயத்துக்குத் தபால் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், முதலில் இடித்தது அதைத்தான். என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அடுத்த வாரம் கம்பெனி என்னை வேலையிலிருந்து நிறுத்தியது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

“பதினோரு குடும்பத்தையும் நம்ம வீட்டுக்கே கொண்டாந்தாச்சு. யாருக்கு எந்த ரூம்புன்னு சொல்லிருங்க,” என்றாள் மனைவி. சிரித்தேன். ஆனால் தபால்காரரின் மோட்டார் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே நான் வாசல் கேட்டில் நிற்கிறேன். தண்ணி பில், பள்ளிக்கூடக் கடிதம், பீட்சா விளம்பரம். அவர் போன கொஞ்ச நேரத்தில், தேநீர் இடைவேளையில், அக்காவின் போன் வரும்.

“வந்துருச்சா தம்பி?”

“இன்னும் இல்லக்கா.”

“சரி சரி.” நேற்று போனை உடனே வைக்கவில்லை. “காலைல லயத்துக்கு மண்ணு லோரி ரெண்டு வந்து நின்னுச்சு. கொட்டல, திரும்பிப் போயிருச்சு. சும்மா சொன்னேன்லா.”